முகம் மட்டும் சிரித்தது

லுணுகலைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், செத்தவரின் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாகக் கஜேந்திரனுக்குத்தான் செய்தி சொல்ல ஆள் போகும். மரண உதவிச் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாக அவர்தான் செயலாளர். கூடாரம் எந்தப் பக்கம் போடுவது, சனம் உட்காரக் கதிரைகளை யார் தூக்கி வருவது, சவப்பெட்டி எடுக்கப் பதுளைக்கு யார் போவது என்று அவர் சொன்னால் அப்படியே நடக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை கடைசியில் வரும். குழியை மூடி மண்ணைத் தட்டி, எல்லோரும் கைகழுவக் கிளம்புகிற நேரத்தில், அவர் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று செத்த வீட்டுக்காரர்களின் சார்பில் நன்றி சொல்வார். குழி வெட்டியவர்கள், பெட்டி தூக்கியவர்கள், தேத்தண்ணி ஊற்றியவர்கள், ஹாலிஎலயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள் என்று ஒருவர் பெயரையும் விடமாட்டார். அழுது களைத்தவர்களுக்கு அது பெரிய ஒத்தாசை. தாங்கள் சொல்ல வேண்டியதை ஒருவர் ஒழுங்காகச் சொல்லிவிட்டார் என்று நிம்மதியாக வீடு திரும்புவார்கள்.

அப்படிப்பட்டவர்தான், சொந்த மச்சானின் குழிமேட்டில் நின்று சிரித்தார்.

அதைச் சொல்வதற்கு முன்னால் தை மாதத்துக் காலையைச் சொல்ல வேண்டும். கஜேந்திரன் தோட்டத்து டிரக்டரில் கொழுந்து மூட்டை ஏற்றுகிற வேலைக்காரர். வயது ஐம்பத்திரண்டு. அன்றைக்கு வேலைக்குக் கிளம்பும்போது கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாக நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை கேட்கவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சொல் குழறியது. பக்கத்து வீட்டு இராக்கம்மா, மந்திரித்துக் கயிறு கட்ட ஆளைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டாள். அவர் மனைவி விஜயலெட்சுமி அதற்குக் காத்திருக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, கடைக்குப் பாண் ரொட்டி கொண்டுவந்த வேனை மறித்து, பாண் தட்டுகளுக்கு நடுவே புருஷனை உட்காரவைத்து லுணுகலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து அம்புலன்ஸில் பதுளைக்கு. அந்த ஓட்டத்தில் மிச்சமான நேரம்தான் இன்றைக்குத் தன் கையும் பேச்சும் என்று கஜேந்திரன் சொல்வார். பாண் வேன்காரரை எங்கே கண்டாலும் அவருக்குக் கை தானாகக் குவியும்.

இரண்டு மாதத்தில் கை திரும்பிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. ஆனால் இன்னொன்று புதிதாக வந்து சேர்ந்ததை விஜயலெட்சுமிதான் முதலில் கவனித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது கஜேந்திரன் தேம்பித் தேம்பி அழுதார். மழையில் நனைந்த கோழியைக் கண்டு அழுதார். டிவியில் சீமெந்து விளம்பரம் ஓடும்போதும் அழுதார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம், பிறகு ஒன்றுமே நடக்காதது போல முகத்தைத் துடைத்துக்கொண்டு சோறு கேட்டார். அழுகையை யாரும் பிழையாக எடுக்கவில்லை. நோய் கண்ட மனுஷனுக்கு மனசு இளகிவிட்டது என்றார்கள். கேக்குக்கு அழுத கதையைச் சொல்லி இராக்கம்மா அவர் காதுபடவே சிரித்தாள், அவரும் கூடவே சிரித்தார்.

அந்த அழுகை ஒருநாள் சிரிப்பாக மாறி வரும் என்று யாருக்கும் தெரியாது.

மச்சான் முருகையா என்றால் அவருடைய அக்கா கருப்பம்மாவின் புருஷன். ஆறு வயதில் தாயை இழந்த கஜேந்திரனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் கருப்பம்மா. அப்போது அவளுக்குப் பதின்மூன்று. தம்பிக்குச் சோறாக்கிக் கொடுக்கவே பள்ளிக்கூடத்தை விட்டாள். அவளைக் கட்டிய முருகையாவும், கூடவே ஒட்டிவந்த சின்ன மச்சானை முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொண்டார். ஆனால் இந்தப் பங்குனித் திருவிழாவில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. கரகம் முதலில் மேல் லயத்து வீட்டு வரிசைக்குப் போவதா, கீழ் லயத்துக்குப் போவதா என்பதுதான் விஷயம். கோயில் முற்றத்தில் நாலு பேருக்கு முன்னால் வார்த்தை தடித்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் இருவரும் பேசவில்லை. ரோட்டில் எதிர்ப்பட்டால் ஒருவர் தேயிலையைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார். அடுத்த திருவிழாவுக்குள் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனி மாதம் ஒரு மத்தியானம், மரக்கறித் தோட்டத்தில் பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்த முருகையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழும்பவில்லை.

கஜேந்திரன் வழக்கம்போல எல்லாவற்றையும் பார்த்தார். கூடாரம், கதிரை, பெட்டி. அக்காவின் பக்கத்தில் போய் உட்கார நேரமே கிடைக்கவில்லை, அல்லது நேரம் கிடைக்காதபடி அவரே பார்த்துக்கொண்டார். மூன்று மாதம் மச்சானோடு பேசாமல் இருந்துவிட்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அடுத்த நாள் பின்னேரம் பெட்டி போனது. பெண்கள் வழமைபோல ரோட்டு வளைவில் நின்றுகொண்டார்கள். ஆண்கள் கீழே இறங்கிக் குழியை மூடினார்கள். கஜேந்திரன் கல்லில் ஏறினார். “எங்க மச்சானுக்காக” என்று தொடங்கினார்.

மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. உதடு இழுத்தது. பிறகு வயிறு குலுங்க, தோள் குலுங்க, ஹ ஹ என்று பெரிய சிரிப்பு. கையால் வாயைப் பொத்தினார், விரலிடுக்கில் பீறிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தார், இன்னும் மோசமானது. முருகையாவின் தம்பி அவர் சட்டையைப் பிடித்துக் கல்லிலிருந்து கீழே இழுத்தார். அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை. பெண்கள் நின்ற ரோட்டு வளைவு வரை அந்தச் சத்தம் ஏறிப் போனது. கருப்பம்மா தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, சிரிப்பைத்தான் கேட்டாள். கேட்டது அவளுக்குப் போதுமாக இருந்தது.

தோட்டத்தில் எல்லோருக்கும் கணக்குச் சரியாக வந்தது. கரகச் சண்டையை மனதில் வைத்திருக்கிறான், எதிரி போனான் என்று சிரிக்கிறான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? மனசில் இல்லாமல் முகத்துக்கு வருமா?

விஜயலெட்சுமி இரண்டு தடவை மதினி கருப்பம்மாவின் கதவடிக்குப் போனாள். இரண்டாம் தடவை அவள் கதவைப் பாதி திறந்து, நிதானமாகத்தான் பேசினாள்.

“ஒன் மேல எனக்குக் கோவமில்ல. கருமாதிக்குக் கோடியத் தூக்கிக்கிட்டு அவன் வர வேணாம்னு சொல்லு. எனக்குப் பொறந்த வீடே இல்லன்னு நெனச்சுக்கிறேன்.”

புருஷனை இழந்தவளுக்குப் பதினாறாம் நாள் கருமாதியில் கூடப்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து தோளில் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. புருஷன் போனாலும் பிறந்த வீடு இருக்கிறது என்பது அதற்கு அர்த்தம். கருப்பம்மாவுக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன்தான். அந்தக் கோடியை வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால், நாளைக்குக் கஜேந்திரன் செத்தாலும் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் படியிறங்க மாட்டார்கள். அதைவிட, அக்கா இல்லாத ஒரு நாளை அவர் இதுவரை கண்டதில்லை.

அந்த வாரம் முழுக்க அவரை அரித்தது ஊர்ப்பேச்சு அல்ல. தன் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று மாதம் மச்சானைத் திட்டியது உண்மை. ஒருவேளை உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பேனோ? தனக்கே தெரியாமல் அப்படி ஒரு கெட்ட மனுஷன் தனக்குள் இருக்கிறானோ? முகம் சிரித்திருக்கிறது. கேட்ட அத்தனை பேரும் சாட்சி. நான் ஒருத்தன் மட்டும் இல்லையென்று எப்படிச் சொல்வது? சங்கத்தின் சாவியை எடுத்துத் தலைவரிடம் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

பதினோராம் நாள் அவருக்குப் பதுளையில் கிளினிக். போகவில்லை என்றார். விஜயலெட்சுமி சட்டையை எடுத்து அவர் மடியில் வைத்து, கிளினிக் கொப்பியைப் பையில் போட்டு, முதல் பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

முன்பு இரண்டு முறை போனபோதும் அவர் கையைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தார். கை வலியைச் சிங்களத்தில் சொல்ல அவருக்குத் தெரியும். இதைச் சொல்லத் தமிழிலேயே அவரிடம் வார்த்தை இருக்கவில்லை. இந்த முறை மேசைக்குப் பின்னால் இருந்தது தர்மிளா என்ற இளம் டாக்டர். யாழ்ப்பாணப் பக்கம். வந்து ஒரு மாதமாகவில்லை. கை எப்படி என்று அவள் கேட்டதும் கஜேந்திரன் கையை மடக்கி நீட்டிக் காட்டினார். பக்கத்தில் நின்ற விஜயலெட்சுமி பொறுக்க முடியாமல், “கை கெடக்குதுங்க டாக்டரம்மா. அழ வேண்டிய எடத்துல சிரிக்கிறாரு, சிரிக்க வேண்டிய எடத்துல அழுவுறாரு. அதப் பாருங்க மொதல்ல” என்றாள்.

டாக்டர் பேனையை மூடி வைத்தாள். வெளியே வரிசை நீண்டு கிடந்தது. ஆனாலும் கதிரையைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டு, நடந்ததையெல்லாம் கேட்டாள். கஜேந்திரன் தலை நிமிரவில்லை. விஜயலெட்சுமி சொன்னாள், கேக்கிலிருந்து குழிமேடு வரை. எல்லாம் கேட்டு முடிந்ததும் டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“ஐயா, நீங்கள் அதில நிண்டு சிரிச்ச நேரம், உள்ளுக்க என்ன மாதிரி இருந்தது? சந்தோஷமா இருந்ததோ?”

இத்தனை நாளில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. அவரே தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் நெஞ்சில் கை வைத்தார்.

“சந்தோஷமெல்லாம் இல்லீங்க. இங்க கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. அந்தக் குழியிலயே எறங்கிறலாமான்னு இருந்துச்சு.”

“அப்ப நீங்கள் சிரிக்கேல்லை. உங்கட முகம்தான் சிரிச்சது.”

பழைய ஸ்கேன் துண்டு ஒன்றின் பின்பக்கத்தில் அவள் ஒரு தலையை வரைந்தாள். அழகான தலை இல்லை, பலாக்காய் போல இருந்தது. துக்கமும் பயமும் சந்தோஷமும் மூளையின் உட்பகுதியில் பல இடங்கள் சேர்ந்து உண்டாக்குவது என்றாள். ஆனால் சிரிப்பதும் அழுவதும் ஒரு வேலை. மூச்சு, தொண்டை, கன்னம், கண் எல்லாம் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். அந்த வேலையை நடத்துகிற இடம் கீழே, பிடரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. பிறந்த குழந்தை ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் வீறிடுவது அதனால்தான். வளர வளர மேல் மூளை அதைப் பிடித்து வைக்கப் பழகுகிறது. இங்கே வேண்டாம், இப்போது வேண்டாம், இவ்வளவு போதும் என்று. மேலேயிருந்து கீழே போகும் அந்தப் பிடியில்தான் தை மாதத்துப் பக்கவாதம் சேதம் பண்ணியிருக்கிறது. இனி உள்ளே எது பொங்கினாலும் வெளியே வர ஒரே கதவுதான் திறக்கும், வெளியே வருவது அழுகையா சிரிப்பா என்பதற்கு உள்ளே இருப்பது பொறுப்பில்லை.

“பசறை எறக்கத்துல பிரேக் போன லொறின்னு சொல்றீங்க” என்றார் கஜேந்திரன்.

“ஓம். ஆனா டிரைவர் நல்ல ஆள்” என்றாள் அவள்.

பக்கவாதம் வந்தவர்களில் நிறையப் பேருக்கு இது வருவதாகவும், வெட்கத்தில் வாய் திறக்காமல் இருந்துவிடுவதாகவும் சொன்னாள். கஜேந்திரன் அந்தப் பலாக்காய்த் தலையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மனைவிக்குக்கூடக் கேட்காத குரலில், உண்மையிலேயே மச்சான் மேல் கோபம் இருந்தது என்றார். அதை வெளியே சொல்லாவிட்டால் இந்த டாக்டரை ஏமாற்றியது போலாகிவிடும் என்று அவருக்குப் பட்டது.

“கோவமும் உண்மை, துக்கமும் உண்மை ஐயா. ரெண்டும் ஒரு மனுசனுக்குள்ள ஒண்டா இருக்கும். அந்தச் சிரிப்பு ரெண்டுக்கும் சாட்சி இல்லை.”

மாத்திரைச் சீட்டில் ஒரு சின்னக் குளிசை எழுதினாள். ஆனால் அது பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றாள். கருமாதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அதுவரைக்கும் வந்தால் வரட்டும் என்று விட வேண்டும், பல்லைக் கடித்து அடக்கப் பார்க்கக் கூடாது, தோளைத் தளர்த்தி மெதுவாக மூச்சு விட வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக, நடந்த பிறகு விளக்கம் சொல்லாமல், நடக்கும் முன்னமே ஆட்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் கஜேந்திரன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். டாக்டர் கொடுத்த படம் சட்டைப் பையில். பசறை தாண்டும்போது மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் பஸ்ஸில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, கையை எடுக்காமலே, “ஆளுங்க பாக்குதுங்க” என்றாள்.

பதின்மூன்றாம் நாள் காலையில் அவர் பெரட்டுக் களத்துக்குப் போனார். வேலைக்கு ஆள் பிரிக்க எல்லோரும் கூடுகிற இடம் அது. தோட்டத்தில் ஒரு விஷயம் எல்லாக் காதிலும் ஒரே நேரத்தில் விழ வேண்டுமானால் வேறு இடமில்லை. கணக்கப்பிள்ளையிடம் இரண்டு நிமிடம் கேட்டார். கணக்கப்பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேர் கூப்பிடுவதை நிறுத்தி இடம் விட்டார்.

எத்தனையோ சாவுவீட்டில் கல்லின்மேல் ஏறிப் பேசியவர் அன்றைக்குத் தரையிலேயே நின்றார்.

“எனக்குப் பக்கவாதம் வந்தது ஒங்களுக்கெல்லாம் தெரியும். கை சரியாப் போச்சு. மொகம் இன்னும் என் பேச்சக் கேக்குதில்ல. மனசு ஒண்ணு நெனைக்குது, மொகம் ஒண்ணு செய்யுது. மச்சான் குழியில நான் சிரிக்கல. சிரிச்சது இந்த நோவு.”

சொல்லி முடிக்கும் முன்னமே வந்துவிட்டது. தோள் குலுங்கியது. இந்த முறை பல்லைக் கடிக்காமல், அது பாட்டில் போக விட்டார். கூட்டத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டு, கொழுந்துக் கூடைகளுக்குப் பின்னால் பாதிப் பேர் சிரித்தார்கள். மற்றப் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“அப்ப இப்ப சிரிக்கிறீங்களே, இது என்னத்துக்கு?” என்று இராக்கம்மா கூடைக் கயிற்றை நெற்றியில் ஏற்றியபடி கேட்டாள்.

“இது பயம்” என்றார் கஜேந்திரன்.

கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. இராக்கம்மா கயிற்றை மறுபடி சரி செய்தாள். “ஆத்தாடி, இத்தன நாளா என் பேச்சுக்குச் சிரிச்சதும் நோவுதானா? நான் என்னமோ நல்லாப் பேசுறேன்னுல்ல நெனச்சேன்” என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் கூட்டம் இளகியது. அன்றைக்கு மலையில் வேறு பேச்சே இல்லை. பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்ததும் அவளும் இன்னும் மூன்று பெண்களும் நேரே கருப்பம்மா வீட்டுக்குப் போய், கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னார்கள். கருப்பம்மா சும்மா கேட்டுக்கொண்டிருந்தாளாம். வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை.

பதினாறாம் நாள். கஜேந்திரன் ஊதாக்கரை போட்ட சேலையைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு கீழ் லயத்துக்கு இறங்கினார். விஜயலெட்சுமி ஓரடி பின்னால் வந்தாள். கூடாரத்தில் நிறைய சனம். முருகையாவின் தம்பி வாசலில் எழுந்து நின்றார், ஆனால் மறிக்கவில்லை. உள்ளே கருப்பம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள். பதினாறு நாளில் பத்து வயது கூடியிருந்தது. கஜேந்திரன் அவளுக்கு நாலடி தூரத்தில் நின்றார். தோளைத் தளர்த்தினார். மூச்சை மெதுவாக விட்டார்.

“அக்கா” என்றார். அதற்குமேல் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

தட்டில் வெற்றிலை ஆடியது. கன்னம் இரண்டும் மேலே ஏறி, பல்லெல்லாம் தெரிய, அவர் அக்காவின் முன்னால் நின்று சிரித்தார். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கருப்பம்மா மட்டும் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வையைக் கீழே இறக்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்த அவர் காலைப் பார்த்தாள். வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வந்து பாருங்கடி” என்றாள். குரல் கரகரத்தது. “சின்னப்புள்ளையில அம்மா செத்தப்ப இவன் சத்தம் போட்டு அழல. காலு வெரல இப்படித்தான் மடக்கி வச்சுக்கிட்டு நின்னான். எத்தன நாளு நான் நீவி விட்டிருக்கேன். பெரிய ஆம்பளையாகியும் இன்னும் அத விடல.”

எல்லோரும் பார்த்தார்கள். மண் தரையில் பத்து விரலும் உள்ளே மடங்கி, நகம் வெளுத்துப்போய் இறுகியிருந்தன. கஜேந்திரனும் குனிந்து பார்த்தார். தன் கால் இன்னும் அப்படிச் செய்யும் என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். சிரிப்பு அப்போதும் அவரை விடவில்லை.

“மூளையப் பத்தியெல்லாம் எனக்குத் தெரியாது” என்றாள் கருப்பம்மா. “என் தம்பி அழுவுறான். யாராச்சும் தண்ணி கொண்டாங்க.”

முருகையாவின் தம்பிதான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கஜேந்திரன் குடித்தார், பாதி சட்டையில் சிந்தியது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றது. அதுவரை கருப்பம்மா காத்திருந்தாள். பிறகு, அவர் கோடியைப் போர்த்துவதற்கு வசதியாக, தோளை அவர் பக்கம் சாய்த்துக் கொடுத்தாள்.